நிதானக் குரல்

"குடிகாரன் வேஷமா? அதுக்கு நம்ம இடி அண்ணனை விட்டா வேற ஆள் ஏது!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சவுண்ட் இன்ஜினியர் சொல்ல, ஒலிப்பதிவுக் கூடமே சிரித்தது. இடியும் சிரித்துவைத்தான். அவன் குரலுக்குக் கிடைத்த பட்டப்பெயர் அது.

பழைய கறுப்பு வெள்ளைப் படம். நல்லா வாழ்ந்த மனுஷன் ஒருவன் குடியில் கரைந்துபோகும் கதை. உலகமே கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்த அந்தப் படத்துக்கு இப்போது நம் மொழியில் குரல் கொடுக்கிறார்கள். கதாநாயகனுக்கு இடி. கதாநாயகிக்கு, இடியின் மனைவி.

இருவருக்கும் ஒரே மைக். அவன் குடியைத் தாங்காமல் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனபின் இவ்வளவு பக்கத்தில் நிற்பது இன்றுதான். இடி அந்தக் குடிச் சனியனைத் தலைமுழுகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஊரே நம்பிவிட்டது, அவளைத் தவிர. காலையில் ஸ்டூடியோ வாசலில் பார்த்ததும் குரலைத் தணித்து, பதமாகச் சொல்லிப் பார்த்தான்.

"நான் தொடுறதே இல்லம்மா. வேணும்னா ஊதிக் காட்டவா?"

அவள் முகம் வெளிறியது. விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். ஏன் என்று யோசித்து யோசித்து இவனுக்கு மண்டை காய்ந்ததுதான் மிச்சம். அவளுக்கு இன்றோடு வேலை முடிகிறது. அதற்குள் நம்பவைக்காவிட்டால் அவ்வளவுதான்.

திரையில் பட்டப்பகல். கதாநாயகன் தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். உள்ளே மனைவி தாழ்ப்பாளில் கைவைத்து நிற்கிறாள். குரல் கச்சிதமாகப் பொருந்தும்வரை இந்தத் துண்டு திரும்பத் திரும்ப ஓடும்.

இடி நாக்கைக் குழறவிட்டான். நடுவில் ஒரு விக்கல். "க்க...கதவைத் தொறம்மா..."

இன்ஜினியர் கட்டைவிரலை உயர்த்தினான். அடுத்து அவள் முறை. திரையில் உதடு அசைந்தது. இங்கே சத்தமே இல்லை.

"அண்ணி, என்னாச்சு? 'போயிடுங்க'ன்னு ஒத்தை வார்த்தைதானே!"

"அவர் பேசுறது பொய்யா இருக்கு. எனக்கு வாயே வரல."

இடிக்குச் சுருக்கென்றது. "குடிகாரன் எப்படிப் பேசுவான்னு எனக்கே பாடமா? அதுல நான் டாக்டர் பட்டம் வாங்கினவன்டி."

"பட்டம் வாங்கினது நீங்க. உட்கார்ந்து கேட்டது நான்."

அவள் மைக்குக்கு நெருங்கி வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு பேசினாள். குழறல் இல்லை, விக்கல் இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் கழுவித் துடைத்துவைத்த மாதிரி.

"கதவைத் திறம்மா. நான் தொடுறதே இல்ல. வேணும்னா ஊதிக் காட்டவா?"

யாரும் சிரிக்கவில்லை. காலையில் அவன் சொன்ன அதே வார்த்தை. அதே பதம்.

"நான்... இப்படியா பேசுவேன்?"

"குடிச்சாதான் உங்களுக்கு இவ்வளவு மரியாதை வரும். மத்த நேரம் வள்ளுவள்ளுன்னு விழுவீங்க."

மறுபடி படம் ஓடியது. இடி அவள் காட்டிய குரலிலேயே பேசினான். தன் வாயிலிருந்து வருவதைத் தானே முதல்முறையாகக் கேட்டான். இந்தக் குரலுக்கு எந்தப் பைத்தியக்காரி கதவைத் திறப்பாள்?

"போயிடுங்க" என்றாள் அவள். குரல் உடைந்திருந்தது. இன்ஜினியர் ஓகே சொன்னான்.

வெளியே மழை. படியிறங்கியவளின் பின்னால் குடையோடு ஓடினான். நாக்கு நுனியில் நூறு சத்தியம். ஒன்றைக்கூட வெளியே விட முடியவில்லை. எதைச் சொன்னாலும் அந்தக் குரல்தான் வரும். அவள் பாட்டுக்கு நனைந்துகொண்டு நடந்தாள்.

"ஏய்! அறிவிருக்கா உனக்கு? மழைக்காலத்துல குடை எடுக்காம வர்றவளை எங்கயாவது பார்த்திருக்கோமா? தொண்டை கட்டிக்கிச்சுன்னா நாளைக்கு எவன் வேலை குடுப்பான்?"

சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். போச்சு, எல்லாம் போச்சு.

அவள் நின்றாள். திரும்பி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தில் என்னவோ மெல்ல இளகியது.

"நிஜமாவே தொடல போலிருக்கே" என்றாள்.

இடி குடையை அவள் பக்கம் நீட்டினான்.

"அண்ணன் வீடு வரைக்கும் வாங்க. வாசலோட சரி." குடைக்குள் வந்து நின்றாள். "வழியெல்லாம் திட்டிக்கிட்டே வரணும்."