பத்து மணி நாற்காலிக்கு இரண்டு பேர்

அக்கா வீட்டுக் கூடத்துச் சோபாவில் இளையவள் படுக்க வந்து ஏழு மாதமாகிறது. கண் மருத்துவமனையில் கம்ப்யூட்டர் வேலை. வேலையை நிரந்தரம் செய்து கடிதம் கொடுத்துவிட்டால் அன்றே தனி அறை பார்த்துக் கிளம்பிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தாள். சோபா குட்டை என்பது ஒரு காரணம். அத்தான் இன்னொரு காரணம், அதைவிட நீளமான காரணம்.

அத்தான் வீட்டிலிருந்தபடியே ஒரு லைப்ரரி எழுதியிருந்தார். புத்தக லைப்ரரி இல்லை. சர்வரில் ஓடுகிற ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராம் டேட்டாபேஸிடம் எதையாவது கேட்க வேண்டும், கொடுக்க வேண்டும் என்றால் நடுவில் நின்று வாங்கிக் கொடுக்கிற சமாசாரம். ஓப்பன் சோர்ஸ். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம், குறை இருந்தால் எல்லாரும் பார்க்க எழுதியும் போடலாம். முதல் இரண்டையும் அத்தான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். மூன்றாவதைப் பற்றி மூச்சு விட மாட்டார்.

நாலாயிரத்துச் சொச்சம் பேர், பிடித்திருக்கிறது என்று அதற்கு நட்சத்திரம் போட்டிருந்தார்கள். பல் தேய்ப்பதற்கு முன்னால் அந்த எண்ணிக்கையைப் பார்த்தாக வேண்டும் அவருக்கு. கூடியிருந்தால் அக்காவுக்கு டீ போட்டுக் கொடுப்பார். ஒன்று குறைந்திருந்தாலோ, எந்தக் கழுதை பிடுங்கிக்கொண்டு போனது என்று பகல் முழுக்கத் தேடுவார். இந்தக் கூத்து கீழ்வீட்டுத் தையல்காரி வரைக்கும் எட்டி, அவருக்கு அந்தக் கட்டடத்தில் 'நட்சத்திரம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. "நட்சத்திரம் எந்திரிச்சாச்சா?" என்று படிக்கட்டில் அக்காவை மறித்துக் கேட்பாள் அவள். அக்காவும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வாள், அதைத்தான் கவனிக்க வேண்டும்.

குறை எழுதுகிறவர்கள் எல்லாரும் அத்தான் கணக்கில் மண்டூகங்கள். 'பயன்படுத்துபவரின் தவறு' என்று ஒரு வரி எழுதி, புகாரை மூடிவிடுவார். மூடிய கையோடு கூடத்துக்கு வந்து உரக்கப் படித்துக் காட்டவும் செய்வார். இளையவள் போர்வையை மடித்தபடி கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தும் அந்த லைப்ரரியை மருத்துவமனைக்குக் கொண்டுபோனது அவள்தான். சொந்த மனிதர் செய்தது, அவசரம் என்றால் வீட்டிலேயே கேட்டுக்கொள்ளலாம் என்றாள் அக்கா. வீட்டில் கேட்டுக்கொள்ளலாமாம்! குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று அக்கா சொல்லி மூன்று மாதம் கழித்து, 'தண்ணீரின் வேகம் அதிகம்' என்று பதில் சொன்ன மனிதர் அவர்.

வினை ஒரு திங்கட்கிழமை வந்தது. பத்து மணிக்கு ஒரே நாற்காலிக்கு இரண்டு நோயாளிகள். இருவருக்கும் கண்ணில் சொட்டு மருந்து விட்டாகிவிட்டது. யார் முதலில் வந்தது என்று, எதிராளியின் முகம்கூடச் சரியாகத் தெரியாமல் இருவரும் சண்டை போட்டார்கள். ஒரு வாரத்துக்குள் அது மூன்றாவது சண்டை. நிர்வாகி இளையவளைக் கூப்பிட்டு, நேரம் கொடுப்பது உங்கள் புரோகிராம்தானே என்றார்.

அவள் இரண்டு நாள் உட்கார்ந்து கண்டுபிடித்தாள். நேரம் பதிவு செய்வதில் இரண்டு படி: அந்த நேரத்தை அடைப்பது ஒன்று, நோயாளியின் பெயரை எழுதுவது இன்னொன்று. நடந்தால் இரண்டும் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் நடக்கக் கூடாது. நடுவில் இணைப்பு அறுந்தால் டேட்டாபேஸ் முதல் படியைக் கைவிட்டுவிடும். அது நியாயம். அத்தானின் லைப்ரரியோ சத்தம் காட்டாமல் புது இணைப்பு போட்டு, இரண்டாம் படியை மட்டும் செய்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று சாதிக்கும். பெயர் ஏறிவிடும், நேரம் காலியாகவே நிற்கும், அடுத்த ஆளும் அதிலேயே வந்து உட்காருவார்.

ஆறு வருஷமாக இது அத்தான் கண்ணில் படாததில் ஆச்சரியமில்லை. அவருடைய லைப்ரரியும் அதைச் சோதிக்க வைத்திருந்த டேட்டாபேஸும் ஒரே கம்ப்யூட்டரில், ஒரே மேஜையில் இருந்தன. நடுவில் அறுந்துபோக என்ன இருக்கிறது?

இளையவள் புனைபெயரில் புகார் எழுதினாள். பாதியில் இணைப்பைத் துண்டித்துக் காட்டுகிற டெஸ்ட் ஒன்றும் இணைத்தாள். பதினோராவது நிமிஷம் பதில் வந்தது: 'கம்பியை வெட்டிவிட்டு விளக்கு எரியவில்லை என்கிறார். பயன்படுத்துபவரின் தவறு. இவர்களையெல்லாம் யார் வேலைக்கு வைக்கிறார்கள்?' அன்று மாலை கூடத்தில் அதைப் படித்துக் காட்டிவிட்டு அத்தான் இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

நிர்வாகிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் படிக்கத் தெரியும். அவளே சாட்சிக்கு அனுப்பிய பக்கத்தைப் படித்துவிட்டு, "எழுதினவரே உங்க தப்புங்கிறாரே," என்றார். "தப்பு அவரோடதுன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள காட்டுங்க. இல்லன்னா அந்தக் கடிதத்த மறந்துடுங்க."

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் இளையவள் வாயைத் திறந்தாள்.

"அத்தான், கம்பிய வெட்டினது நான்தான்."

அத்தான் மெல்லுவதை நிறுத்தினார். நேரில் கேட்டிருக்கலாமே என்றார். நேரில் கேட்ட குழாய் இன்னும் சொட்டுகிறது என்றாள் அக்கா.

இளையவள் கம்ப்யூட்டரைத் தட்டுகளுக்கு நடுவில் வைத்து, அவர் கண்ணெதிரிலேயே டெஸ்ட்டை ஓட்டினாள். பெயர் ஏறியது, நேரம் காலியாக நின்றது. இரண்டாம் முறையும் அப்படியே. அத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

"புகார மறுபடியும் திறந்து, குறை லைப்ரரியிலதான்னு ஒரு வரி போடுங்க. என் வேலையே அதுலதான் இருக்கு."

"நாலாயிரம் பேர் பாக்கிற இடம்மா அது," என்றார் அத்தான், ஏதோ அவள் அவரை நடுத்தெருவில் சட்டையைக் கழற்றச் சொன்ன மாதிரி.

வியாழக்கிழமை புது வெர்ஷன் வந்தது. கூடவே ஒரு குறிப்பு: 'சிறு சீரமைப்பு. தேவையற்ற இடைவெளிகள் நீக்கம்.' புகார் மூடியது மூடியபடியே இருந்தது. "இப்ப ஓட்டிப் பாரு, எல்லாம் சரியா இருக்கும்," என்றார் அத்தான், பெரிய உபகாரம் பண்ணிவிட்ட முகத்தோடு.

சரியாகத்தான் இருந்தது. அதுதான் சங்கடம். நாளைக்கு நிர்வாகி முன்னால் ஓட்டினால் லைப்ரரி யோக்கியமாக நிற்கும், அவள் பொய்க்காரியாக நிற்பாள். பூசி மெழுகியதில் அவள் வேலையையும் சேர்த்து மெழுகிவிட்டார் மனிதர்.

ஆனால் பிரித்துப் பார்க்கலாம் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர்தானே. இளையவள் பிரித்தாள். பழைய வெர்ஷனையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நடுவில் நான்கே வரி, புதிதாகச் சேர்த்தவை பச்சையில், அத்தான் பெயரும் வியாழக்கிழமைத் தேதியும் மேலே. இரண்டிலும் டெஸ்ட்டை ஓட்டி, பழையதில் பாதி பதிவானதையும் புதியதில் ஆகாததையும் மூடிய புகாருக்கு அடியில் எல்லாரும் பார்க்கப் போட்டாள். வெள்ளிக்கிழமை நிர்வாகியிடம் அதையே காட்டினாள்.

நிர்வாகி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இதுல இடைவெளி எங்க இருக்கு?"

"இடைவெளி எதுவும் இல்ல சார்."

"அப்ப அந்த ஆளு பொய் எழுதியிருக்கான்."

"ஆமா சார்."

"யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"அக்கா வீட்டுக்காரர், சார். அவங்க வீட்டுலதான் இருக்கேன்."

எந்தத் தைரியத்தில் அந்த லைப்ரரியைக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்க வாயெடுத்த நிர்வாகி விட்டுவிட்டார். இரக்கமோ என்னவோ, கடிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். முதல் வேலையாக அந்தச் சனியனை எடுத்துவிட்டு வேறு லைப்ரரி போடச் சொன்னார்.

மருத்துவமனைப் பக்கத்தில் ஒரு அறை பேசிவிட்டு, சாயங்காலமே இளையவள் பெட்டி கட்டினாள். அத்தான் கூடத்துக்கும் அறைக்குமாக நடந்துவிட்டு, கடைசியில் வாசலில் வந்து மறித்தார். புகாருக்கு அடியில் அவள் போட்டிருப்பதை எடுத்துவிடக் கூடாதா, கண்டவனெல்லாம் வந்து கை தட்டுகிறான் என்றார்.

"நீங்களே எடுக்கலாம் அத்தான். அதிகாரம் உங்க கையிலதான இருக்கு," என்றாள் இளையவள். "எடுத்தா, எடுத்ததும் தெரியும்."

அவர் எடுக்கவில்லை. இனி யாரும் அங்கே எதுவும் எழுத முடியாதபடி பூட்டு மட்டும் போட்டுவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்கா பெட்டியின் மறுபக்கத்தைத் தூக்கிக்கொண்டாள். இருவரும் இரண்டு மாடி இறங்கினார்கள். கீழே தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தும், அக்கா குரலைத் தாழ்த்தவில்லை.

"ஏன்டி, அந்த அறையில இன்னொரு கட்டில் போட எடம் இருக்கா?"