எஜிஸ்தோவின் மூடாத வாய்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று எங்கள் வில்லபோஸ்காவின் காவல் புனிதர் மீதும், என் வாயில் மிச்சமிருக்கும் பற்களின் மீதும் சத்தியம் செய்கிறேன். புனிதரை நம்பாதவர்கள் பற்களை ஆட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆர்ஜியா தன் அப்பாவின் தாடையைத் துணியால் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே கட்டிய துணிகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து தலையணையில் கிடந்தன. அதிகாலையில் உயிர் போனதிலிருந்து எஜிஸ்தோவின் வாய் மூட மறுத்தது. சும்மா பிளந்த வாயில்லை அது. அழகாக, வட்டமாக, உச்ச ஸ்தாயியைத் தொடப் போகிறவரின் வாய்.

“விட்டுடு கண்ணு,” என்றாள் பக்கத்து வீட்டுச் சலவைக்காரி தெசொலீனா. உடலைக் குளிப்பாட்ட வந்தவள். “பாடப் போற மாதிரி நல்லாத்தானே இருக்காரு.”

“அதனாலதான்க்கா மூடணும்கறேன்.”

“கழுத்து இறுகுது பாரு. வலிக்கப் போகுது மனுஷனுக்கு.”

“இத்தனை வருஷம் வலிக்காததா இப்ப வலிச்சிடப் போகுது?” ஆர்ஜியா இன்னொரு முடிச்சுப் போட்டாள். அது அவிழ்ந்தது.

எஜிஸ்தோ தராஸ்கோனி, ஊர்ச் சதுக்கத்தில், ஓபரா அரங்குக்கு நேர் எதிரே, தொப்பி விற்றவர். அதற்கு முன் ஒரே ஓர் இரவு அவர் பாடகராக இருந்தார். இளம் வயது, நாயகன் வேடம். மூன்றாம் அங்கத்தில் சிறைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காதலியிடம் விடைபெறும் பாட்டு. அதன் கடைசி உச்சியில் குரல் பிளந்தது. கண் இமைக்கும் நேரம்தான். சேவலின் கழுத்தை யாரோ மிதித்த மாதிரி.

அரங்கின் மேல்மாடி மலிவு இருக்கைகளை நாங்கள் புறாக்கூண்டு என்போம். கசாப்புக்காரர்களும் தச்சர்களும் வண்டிக்காரர்களும் உட்காரும் இடம். பெண்டாட்டி பிறந்தநாளை மறப்பார்கள், ஒரு பாட்டின் ஒரு சுரத்தை மறக்க மாட்டார்கள். இரண்டு விரலை வாயில் வைத்து அவர்கள் அடிக்கும் சீழ்க்கைக்கு எங்கள் பக்கத்தில் அர்த்தம் ஒன்றுதான்: முகத்தில் காறித் துப்புவது. அன்றைக்கு அடித்த சீழ்க்கையில் அரங்கின் சரவிளக்கு அணைந்தது. முன்வரிசையில் இருந்த நீதிபதியின் மனைவிக்குக் குறைப்பிரசவம் ஆயிற்று. அந்தப் பிள்ளை இப்போது தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறது.

சீழ்க்கை அரங்கோடு நின்றிருந்தால் எனக்கு இந்தக் கதையில் வேலையில்லை. மறுநாள் எஜிஸ்தோ தெருவில் இறங்கியதும் ஒருவன் அந்த உடைந்த சுரத்தை அச்சு அசலாகச் சீழ்க்கையில் அடித்தான். பிறகு எல்லோரும் அடித்தார்கள். அவர்கள் பிள்ளைகள் அடித்தார்கள். அந்தப் பாட்டைக் கேட்டே இராத பேரன்கள் அடித்தார்கள். சதுக்கத்து மரங்களில் இருக்கும் கருங்குருவிகள் கற்றுக்கொண்டு தங்கள் குஞ்சுகளுக்கும் சொல்லிக்கொடுத்தன. காலை ரயிலின் ஓட்டுநர் எங்கள் ஊர்க்காரன், அவன் ரயிலின் ஊதலையே அந்தச் சுரத்துக்கு மாற்றி வைத்தான். ராஜாவைச் சுட்டுக் கொன்றார்கள், மின்விளக்கு வந்தது, நூற்றாண்டே மாறியது. அந்தச் சுரம் மட்டும் எங்கள் ஊரை விட்டுப் போகவில்லை.

எஜிஸ்தோ ஒருநாளும் கோபப்படவில்லை. சீழ்க்கை கேட்டால் நிற்பார், தொப்பியைக் கழற்றுவார், மேடையில் செய்வதுபோல் லேசாகக் குனிவார், போவார். மழையிலும் கழற்றுவார். ஆர்ஜியாவால் சீழ்க்கையைக்கூடப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. அந்தக் குனிதலைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவளுக்கு ஒரு கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது. கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து வெளியே வரும்போது பின்னால் யாரோ அதை அடித்தார்கள். மாப்பிள்ளைப் பையன் சிரித்துவிட்டான். கோவில் படியிலேயே மோதிரத்தைக் கழற்றி அவன் கையில் வைத்தாள். “கொஞ்சமாத்தானே சிரிச்சேன்,” என்றான் அவன். “மோதிரமும் சின்னதுதான்,” என்றாள்.

துணியை நான்காவது முறையாக இறுக்கியபோது வாசல் நிலையில் ஃபெர்மோ வந்து நின்றான். பன்றி இறைச்சிக் கடைக்காரன், புறாக்கூண்டின் தலைவன். அவனை யார் தலைவனாக்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவன் விரல் வாய்க்குப் போன பிறகுதான் மற்ற விரல்கள் போகும். கறுப்புக் கோட்டு போட்டிருந்தான். கக்கத்தில் துணி சுற்றிய ஒரு முழுப் பன்றித்தொடை.

“மனசைத் தேத்திக்கம்மா ஆர்ஜியா.”

“அதை வெளியில வை.”

“ரெண்டு குளிர்காலம் தொங்கவிட்டுப் பதப்படுத்தினதும்மா இது.”

“வெளியில நாய் இருக்கு. அதுக்கும் மனசு சரியில்லை, அதுகிட்டக் குடு.”

ஃபெர்மோ தொடையை உள்ளேயும் கொண்டுவரவில்லை, வெளியேயும் வைக்கவில்லை. “பெட்டியை நாங்கதான் தூக்கறோம். புறாக்கூண்டு மொத்தமும் பேசி முடிவு பண்ணியாச்சு.”

“எங்கப்பாவை உசுரோட இருக்கறப்பவே தெருத் தெருவாத் தூக்கிட்டுப் போனீங்களே, பத்தலையா?”

“அது அன்பும்மா. சத்தியமா அன்பு. பிடிக்காத பாடகனுக்கு நாங்க சீழ்க்கையே அடிக்க மாட்டோம். கஷ்கொட்டையை உரிச்சுத் தின்னுக்கிட்டு உக்காந்திருப்போம்.”

“உன் அன்பைக் கொண்டுபோய் உன் பன்னிங்ககிட்டக் காட்டு.”

“அதுங்களுக்கும் காட்டிட்டுத்தான் இருக்கேன்,” என்றான் ஃபெர்மோ, தொடையைத் தடவியபடி.

ஆர்ஜியா எழுந்து அவன் முகத்துக்கு நேராக வந்தாள். “கேட்டுக்க. நாளைக்குக் கோவில்ல ஒருத்தன் விரலும் வாய்க்குப் போகக் கூடாது. பூசையில யார் எப்படிப் பாடினாலும் சரி. ஒரே ஒரு நாள், எங்கப்பா அந்தச் சத்தம் இல்லாம மண்ணுக்குள்ள போகணும். எவனாவது அடிச்சான்னா, உன் கடைக் கத்தியையே எடுத்து அந்த விரலை நறுக்கிடுவேன்.”

“போன ஈஸ்டருக்கு ஆயருக்கே அடிச்ச வாய்ங்கம்மா அது...”

அதுவும் உண்மை. ஆயர் பின்வாசல் வழியாகப் போனவர் திரும்பி வரவேயில்லை. அவர் தலையில் கைவைத்து உறுதிபூசுதல் என்ற சடங்கை நடத்த வேண்டிய எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அப்படியே நிற்கிறார்கள். சிலருக்கு மீசை வந்துவிட்டது.

“சத்தியம் பண்ணு.”

ஃபெர்மோ படுக்கையைப் பார்த்தான். திறந்த வாயைப் பார்த்தான். “என் கத்திங்க மேல சத்தியம். ஒரு நாள்தானே. அடக்கிப் பாக்கறோம்.”

ஆனாலும் ஆர்ஜியாவுக்கு நம்பிக்கை வரவில்லை. பங்குச்சாமி தோன் கலிஸ்தோ பாடினால் கல் சிலைகளே காதைப் பொத்திக்கொள்ளும். எங்கள் கோவிலில் வலதுபக்கம் நிற்கும் சம்மனசின், அதாவது தேவதூதர் சிலையின், கை முன்பு மார்பில்தான் இருந்தது. அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு பனிமூட்டத்தில் சாமியின் வீட்டுக்குப் போனாள்.

“பாட்டில்லாத பூசை போதும் சாமி.”

“பாடாமப் புதைக்கறதா? எஜிஸ்தோவையா? பிச்சைக்காரன்னு நினைப்பாங்களே.”

“நினைச்சிட்டுப் போகட்டும்.”

தோன் கலிஸ்தோ சூப்புக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். “என் குரலைப் பத்தித்தானே சொல்ல வர்றே?”

“ஆமாங்க சாமி.”

சாமி சூப்புக் கிண்ணத்தை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, “சரி. நான் பாடலை,” என்றார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதில் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் தெருமுனை திரும்பும் முன்பே, நல்ல மனதோடு, சாமி நகரத்துப் பேராலயத்துக்குத் தந்தி அடிக்க ஆளனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை பெட்டியை மூடி ஆணி அறையும்வரை வாய் திறந்தேதான் இருந்தது. ஆர்ஜியா கடைசியாகக் கட்டிய துணியை அவிழ்த்து மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

கோவிலில் ஊசி விழ இடமில்லை. புறாக்கூண்டுக்காரர்கள் எல்லோரும் பின்பகுதியில், சவரம் செய்த முகங்களோடு, கைகளை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவள் திரும்பிப் பார்த்துத் திருப்தியடைந்தாள். பூசை தொடங்கியது. தோன் கலிஸ்தோ சொன்னபடி வாய் திறக்கவில்லை. ஆனால் மேலே பாடகர் மாடத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. இளங்குரல், பால்போல. நகரத்திலிருந்து வந்தவன். இறந்தவர்களுக்கான லத்தீன் பாட்டை அவன் பாடப் பாட, பீடத்தருகே நின்ற சாமி ஆர்ஜியாவைப் பார்த்துப் பெருமையாகத் தலையசைத்தார்.

அவளும் மெல்ல மெல்லத் தோளைத் தளர்த்தினாள். கண்கூட லேசாக நனைந்தது. அந்த நேரம் பாட்டு உச்சிக்கு ஏறியது, குரல் பிளந்தது.

அதே பிளவு. அதே சேவல்.

 கோவிலில் எல்லாக் கண்களும் பின்பக்கம் போயின. புறாக்கூண்டுக்காரர்கள் அசையாமல் நின்றார்கள். அடக்கிய சீழ்க்கையில் கன்னங்கள் உப்பின. ஒரு தச்சனின் காதிலிருந்து காற்று வந்தது. ஃபெர்மோவின் முகம் ஊதா நிறமாகி, கழுத்துப் பொத்தான் தெறித்துப்போய்த் தீர்த்தத் தொட்டியில் விழுந்தது. ஆனால் ஒரு விரலும் மேலே எழவில்லை. கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றினார்கள். மேலே அந்தப் பையன் ஒருகணம் நின்று, மன்னிக்கப்பட்டுவிட்டோம் என்று புரிந்துகொண்டு, நடுங்கும் குரலில் அடுத்த அடியை எடுத்தான்.

ஆர்ஜியா அந்த மனிதர்களைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நல்லவர்களாக, மரியாதை தெரிந்தவர்களாக நின்றார்கள்.

முடிகிறது இவர்களால். இவ்வளவு காலமும் முடிந்திருக்கிறது.

அவள் கையுறையைக் கழற்றினாள். இரண்டு விரலை வாயில் வைத்தாள்.

அந்தச் சீழ்க்கையைப் பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன், மிகைப்படுத்துவது என் வழக்கமில்லை. மெழுகுவர்த்திகள் எல்லாம் அணைந்தன. சதுக்கத்துக் கருங்குருவிகள் கூட்டத்தோடு கிளம்பி ஆற்றுக்கு அக்கரை போய்விட்டன. பெட்டிக்குள் ஏதோ ‘டப்’பென்று மூடிய சத்தம் கேட்டதாகவும், அது வாய்தான் என்றும் தெசொலீனா சொல்கிறாள். பெட்டியைத் திறந்து பார்க்காததால் அதை நான் உண்மை என்று சொல்ல மாட்டேன்.

கல்லறையில் மண் தள்ளி முடித்த பிறகு ஃபெர்மோ மெதுவாக அவள் பக்கத்தில் வந்தான். கழுத்துப்பட்டை பிளந்து கிடந்தது.

“நாங்க யாரும் அடிக்கலைம்மா.”

“தெரியும்.”

“ரொம்பக் கஷ்டப்பட்டு அடக்கினோம்.”

“தெரியும். அதுக்குத்தான் அடிச்சேன்.”



மத்தியானம் அவள் கடைக்கு வந்தபோது கூரைத் தட்டியின் கீழே அந்தப் பையன் நின்றிருந்தான். மாடத்திலிருந்து ஓடிவந்ததில் தொப்பியை விட்டுவிட்டான், எடுக்கத் திரும்பிப் போக மனமில்லை. ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது. பனிமூட்டம் அவன் தலைமுடியில் துளித்துளியாக நின்றது.

“உள்ள வாங்க.”

அவன் வந்து முக்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான். “கீழ எட்டிப் பாக்கவே பயமா இருந்துச்சுங்க. யாரு அடிச்சதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அவன் காத்திருந்தான். அவள் ஏணியைச் சாய்த்து மேல்தட்டுக்கு ஏறினாள்.

“வீட்டுல அம்மா, எப்படிப் பாடினேன்னு கேப்பாங்க,” என்றான் அவன்.

அவள் புதுத் தொப்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, எதையும் எடுக்காமல் இறங்கினாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பழைய தொப்பி தொங்கியது. முன்விளிம்பில், எப்போதும் இரண்டு விரல் பிடித்துக் கழற்றும் இடத்தில், கம்பளி மயிர் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. அதைக் கொண்டுவந்து அவன் தலையில் வைத்தாள். அளவெடுக்கத் தேவைப்படவில்லை.

வெளியே, அரங்கின் படிக்கட்டுப் பக்கமிருந்து யாரோ ஒருவன் மெல்ல முயன்று பார்த்தான். முதலில் சரியாக வரவில்லை. பிறகு வந்தது. இன்று காலையில் உடைந்த புதுச் சுரம்.

பையனின் முகம் வெளுத்தது. அவன் கை தன்னால் எழுந்து தொப்பியின் விளிம்புக்குப் போனது.

“கழட்டாதீங்க,” என்றாள் ஆர்ஜியா.

இரண்டு கைகளாலும் தொப்பியைப் பிடித்து, அவன் காதுகள் மறையும்வரை கீழே அழுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

இன்னும் என் பற்களை ஆட்டிப் பார்க்காதவர்களுக்கு ஒரு தகவல்: எங்கள் ஊர் ஓபரா அரங்கு கட்டித் திறக்கப்பட்டதே எஜிஸ்தோ இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான். அதற்கு முன்பு அந்த இடத்தில் பன்றிச் சந்தை நடந்துவந்தது.