ஒரே நம்பரில் பதினோரு மிஷின்

"மிஷினை ஓடவிட்டு, போனை அதுகிட்ட பிடிங்கம்மா. நீங்க பேசாதீங்க. அது பேசட்டும்."

வாஷிங் மிஷின் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். புதுக் கடை. ரிப்பேருக்கு வந்த மிஷின் ஒன்றுகூட இல்லை. மேசைக்குப் பின்னால் அவர் மனைவி, ஒரு தாளும் கிழிக்காத ரசீதுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"சட்டைப் பட்டன்மா. தண்ணி வெளியே போற பம்புல மாட்டியிருக்கு. கீழ சின்னதா ஒரு மூடி இருக்கும், இடப்பக்கமா திருகுங்க. வந்துதா? எத்தனை ஓட்டைப் பட்டன்? நாலா! நான் ரெண்டுன்னு நினைச்சேன். அய்யய்யோ, இதுக்கெல்லாம் காசு எதுக்கும்மா, வச்சிடறேன்."

போனை வைத்தவர் முகத்தில் அப்படியொரு நிறைவு.

"பாவம், மூணு நாளா தவிச்சிருக்காங்க" என்றார்.

"நாம மூணு மாசமா தவிக்கிறோம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொன்னவங்க உங்களைப் பாக்கலை."

பதினாறு வருடம் இன்னொருவர் கடையின் பின்னறையில் வேலை பார்த்தவர் அவர். வாடிக்கையாளர்கள் வாசலோடு போய்விடுவார்கள். மிஷின் மட்டும் உள்ளே வரும். சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார், ஆனால் கொண்டு வந்தவர் முகத்தைப் பார்த்ததே கிடையாது. பேச்செல்லாம் முதலாளியின் இலாகா. மனைவி ஆறு நாள் சிறுதொழில் வகுப்புக்குப் போய் வந்தாள், சான்றிதழுக்குச் சட்டம் போட்டாள், அதே வாரம் இந்த அறையையும் பிடித்தாள். "கை உங்களுது, கடை என்னுது" என்றாள். அவர் வாயை மட்டும் இருவரும் கணக்கில் எடுக்கவில்லை. பதினாறு வருடம் அடைத்து வைத்த பேச்செல்லாம் போனில் கொட்டியது.

வெள்ளிக்கிழமைக்குள், அறைக்குச் சொந்தக்காரரான மாடிவீட்டம்மாவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அறையை வைத்துக்கொள்கிறார்களா, வேறு ஆளுக்கு விடலாமா? விட்டால், அவர் மறுபடி அதே பின்னறைக்குத்தான்.

செவ்வாய்க்கிழமை மனைவி போனை எடுத்து, வந்த அழைப்புகளை வரிசையாகப் பார்த்தாள். பழைய வாடிக்கையாளர்களை நாமே கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

"என்னங்க, இந்த ஒரு நம்பர்லேருந்து பதினோரு தடவை வந்திருக்கே. யாரு?"

"என்னிக்கு வந்துது?"

"போன திங்கள்."

"அது பேரிங். கரகரன்னு, சளி பிடிச்ச மாதிரி."

"புதன்?"

"பெல்ட் வழுக்கல். வியாழன் வந்தது பம்பு. எல்லாம் ஞாபகம் இருக்கு."

"ஆளு ஞாபகம் இல்லையா?"

"ஆளு எதுக்கு? மிஷின்தான் வேற வேறயாச்சே."

"அதைத்தாங்க நானும் கேக்கறேன். எந்த வீட்டுல பதினோரு மிஷின் இருக்கும்?"

மெக்கானிக் யோசித்தார். "பெரிய குடும்பமோ?"

"பத்தாம் நம்பர் ஸ்பேனர் எடுங்கன்னு சொன்னீங்களே, எடுக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

"சொல்லி முடிக்கறதுக்குள்ள எடுத்துட்டார். ஒழுங்கான மனுஷன். பேரிங்கை மாத்தணும்னேன், மறுநாளே தானா மாத்திட்டார்னா பாத்துக்கயேன்!"

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து அதே நம்பர் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே, எங்க வீட்டு மிஷின் ஒரு மாதிரி குதிக்குது..."

"வீடு எங்க இருக்கு தம்பி?" என்றாள் இவள்.

"வீடா? வீடு... இங்கதான் இருக்கு."

பின்னாலிருந்து ஒரு கனத்த குரல் பாய்ந்தது. "பெல்ட்டா, பம்பா? சீக்கிரம் கேளுடா, ஆளுங்க வாசல்ல நிக்கறாங்க!"

மெக்கானிக் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். "முதலாளி!"

"மச்சான், கேட்டுடுச்சு" என்று மறுமுனை முணுமுணுத்துவிட்டு அறுந்தது.

"உக்காருங்க" என்றாள் மனைவி. "அவர் இங்க இல்லை."

உட்கார்ந்தார். "அப்போ அந்த பேரிங்கை மாத்தினது அவரோட மச்சினனா? நல்லாத்தான் மாத்தியிருக்கான்."

"இப்பவும் அவனைத்தான் மெச்சறீங்க! நீங்க அந்தப் பின்னறையை விட்டு வெளிய வரவே இல்லைங்க. அதே வேலை, அதே முதலாளி. சம்பளம் மட்டும்தான் இல்லை."

அவருக்கு அது சுருக்கென்றது. பிறகு போனை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அதன்பின் மணி அடித்தால் அவள்தான் எடுத்தாள். "கொண்டு வாங்க, இல்லைன்னா நாங்க வர்றோம்." அவளுக்கு வந்ததெல்லாம் அவ்வளவுதான். அவரோ சுவரைப் பார்த்துத் திரும்பி, எண்ணெய்த் துணியைக் கசக்கிக்கொண்டு நிற்பார். ஒருமுறை, "அது பம்புதான்" என்று சுவரிடம் சொன்னார். இரண்டு நாளில் நான்கு மிஷின் வந்தன.

வியாழக்கிழமை ஒரு வண்டி வந்து நின்றது. ஏழு மிஷினோடு முதலாளியே இறங்கினார்.

"ஏம்மா, போன்ல ரெண்டு வார்த்தை சொல்ல விடமாட்டியா அவனை?"

"அவருக்குத் தொண்டை சரியில்லைங்க."

மெக்கானிக் பலமாகத் தலையாட்டினார்.

"தம்பி, பேசாம வந்துடு. பின்னறைக்கு ஃபேன் போட்டுத் தர்றேன்."

பதினாறு வருடமாக அவர் கேட்ட ஃபேன். அவர் வண்டியிலிருந்த மிஷின்களைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார்.

"வேண்டாங்க முதலாளி. இங்க ஆளுங்க வர்றாங்க, நான் பேசலாம்."

தொண்டை நன்றாகத்தான் இருந்தது. முதலாளி அதைக் கவனித்தார். ஆனால் ஏழு வாடிக்கையாளர்கள் அவர் கடை வாசலில் திட்டிக்கொண்டிருந்தார்கள். "சரி, இறக்கு" என்றார்.

மனைவி பேனாவை எடுத்தாள். "ரசீதை எப்படிங்க போடட்டும், வீட்டுப் பேர்லயா, கடை பேர்லயா?"

"குத்திக் காட்டாதம்மா. கடை பேர்லயே போடு."

வெள்ளிக்கிழமை காலை கடையில் கால் வைக்க இடமில்லை. அவளால் மேசையை விட்டு எழ முடியவில்லை.

"மேல போய், அறையை நாங்களே வச்சிக்கிறோம்னு சொல்லிட்டு வாங்க. ஒரே ஒரு வரி. சொல்லிட்டு உடனே வந்துடணும்."

போனவர் முக்கால் மணி நேரம் கழித்து, முழங்கை வரை ஈரத்தோடு வந்தார்.

"சொன்னீங்களா?"

"சொல்லலாம்னுதான் வாயைத் திறந்தேன். உள்ள அவங்க மிஷின் ஒரு முனகல் முனகுச்சு பாரு..."

மனைவி பேனாவைக் கீழே வைப்பதற்குள் மாடிவீட்டம்மாவின் தலை படிக்கட்டில் எட்டிப் பார்த்தது.

"ஏம்மா, உன் வீட்டுக்காரர் எதுக்கு வந்தார்னே சொல்லாம போயிட்டாரே?"

"அறையை நாங்களே வச்சிக்கிறோங்க!"

"தாராளமா வச்சிக்கோ. அவரைக் கொஞ்சம் மேல அனுப்பு. ஃபிரிட்ஜும் ஒரு மாதிரி சத்தம் போடுது."

"என்ன மாதிரி சத்தம்?" என்று கேட்டவர் அதற்குள் மூன்று படி ஏறியிருந்தார்.

"நில்லுங்க!" என்றாள் மனைவி. "ரசீதுப் புத்தகத்தை எடுத்துட்டுப் போங்க!"