கூடம் விழுங்கிய சுரம்

தங்கை பேஸ் கிடார் வாசித்த முதல் ஆல்பம் வெளிவந்த ஞாயிற்றுக்கிழமை, குடும்பமே அக்கா வீட்டுக் கூடத்தில் கூடியிருந்தது. பாட்டு தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, தங்கையின் முகம் தொங்கிவிட்டது. ஒரு சுரம் ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்தது. அடுத்தது இருந்த இடமே தெரியவில்லை.

"என்னக்கா இது, பீப்பாயை உருட்டற மாதிரி இருக்கு! நான் இப்படியா வாசிச்சேன்?"

"ஸ்பீக்கர் ஓட்டை. தூக்கிப் போட்டுடலாம்," என்றார் அக்காவின் கணவர்.

அக்கா லிஃப்ட் மெக்கானிக். அளந்து பார்க்காமல் எதையும் குறை சொல்லமாட்டாள். "பழியை அது மேல போடாதீங்க. இது கூடம் பண்ற வேலை. அடுத்த ஞாயிறு எல்லாரும் வாங்க," என்றாள்.

மறுநாள் மாலை, அளவெடுக்கும் மைக் ஒன்றைச் சோஃபாவில் காது உயரத்துக்கு நிறுத்தினாள். ஸ்பீக்கரிலிருந்து ஓர் ஒலி அடிமட்டத்திலிருந்து கீச்சுக்குரல்வரை இழுத்துக்கொண்டே ஏற, மடிக்கணினியில் கோடு விழுந்தது. ஐம்பது ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலி வீங்கிய ஒரு குன்று, எழுபதில் ஒலி காணாமல் போன ஒரு பள்ளம். ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் இருந்த, ஒலியைத் திருத்தும் சின்ன டிஎஸ்பி பெட்டியில், குன்றைச் செதுக்கும் ஃபில்டரை ஏற்றினாள். குன்று சொன்ன பேச்சைக் கேட்டது. பள்ளம்தான் மசியவில்லை. எவ்வளவு கூட்டினாலும் ஸ்பீக்கர் முனகியதே தவிர, கோடு ஏறவில்லை.

நான்காம் நாள்தான் அவளுக்கு உறைத்தது. பின்சுவரில் மோதித் திரும்பும் ஒலி, நேரே வரும் ஒலியைச் சரியாகச் சோஃபா இருக்கும் இடத்தில் தின்றுவிடுகிறது. அதை எந்தப் பெட்டியாலும் நிரப்ப முடியாது. கூட்டியதையெல்லாம் அழித்தாள். கணவரும் அவளுமாகச் சோஃபாவை இரண்டடி முன்னால் தள்ளினார்கள். மறுபடி அளந்து, ஃபில்டரையும் திருத்தினாள். பள்ளம் பெரும்பாலும் தூர்ந்துவிட்டது.

ஞாயிறன்று தங்கை கைகட்டி உட்கார்ந்து கேட்டாள். ஒவ்வொரு சுரமும் தன் எடையோடு வந்து நின்றது. மூன்றாம் பாட்டில் சட்டென்று சிரித்துவிட்டாள்.

"அய்யோ, இங்க என் விரல் கொஞ்சம் பிந்திடுச்சு! அதுகூடக் கேக்குதேக்கா!"

"ஸ்பீக்கரைத் தூக்கிப் போடச் சொன்ன என் வாயைத்தான் தூக்கிப் போடணும்," என்றார் கணவர்.

தன் தங்கை இவ்வளவு நன்றாக வாசிப்பாள் என்று அக்காவுக்கே இன்றுதான் தெரிந்தது. தங்கையோ அதற்குள் தன் இசைக்குழுவினரை ஃபோனில் பிடித்துவிட்டாள்.

"நாம வாசிச்சதை ஒழுங்கா கேக்கணுமா? எங்க அக்கா வீட்டுக்கு வாங்க. ஆமா, அவதான் சரி பண்ணினா. எங்க அக்காவேதான்!"