பன்னிரண்டாவது கட்டை

மூன்றாவது நாளாகச் சோறு குழைந்துவிட்டது. பூங்காவனம் பானையைச் சாய்த்தாள். கஞ்சி வடிவதற்குப் பதில் சோறே வழிந்தது. அடுப்பில் கட்டை இன்னும் கனன்றுகொண்டிருந்தது. பதினோரு வருஷமாக அவள் ஒரே மாதிரிதான் சமைக்கிறாள். உலையை ஏற்றி, இரண்டு கொள்ளிக்கட்டைகளைச் செருகிவிட்டு, ஆற்றுக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் மொண்டு வருவாள். வந்து பார்த்தால் கட்டையும் தீர்ந்திருக்கும், சோறும் வெந்திருக்கும். இப்போது ஏனோ கணக்கு ஒத்துவரவில்லை.

"இன்னிக்கும் களிதானா?" என்றாள் காசியம்மாள். அவள் பூங்காவனத்தின் ஓரகத்தி. அண்ணன் தம்பி இருவரையும் ஒரே வருஷத்து வாந்திபேதி கொண்டுபோன பிறகு இரண்டு பெண்களும் ஓர் அடுப்பில் சமைத்து, இரண்டு அடுப்புக்கான சண்டையைப் போட்டுக்கொண்டு இருந்தார்கள்.

"ஆத்தங்கரையில யாராண்ட பேசிகினு நின்ன?"

"யாராண்டயும் பேசலக்கா. போனேன், வந்தேன்."

காசியம்மாள் நம்பவில்லை. பூங்காவனத்துக்கே முழு நம்பிக்கை இல்லை. நாற்பதைத் தாண்டியாயிற்று, நடை தளர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தக் கொள்ளிக்கட்டைகள் தணிகாசலம் மேஸ்திரியின் சாயக்கூடத்திலிருந்து வருபவை. ஆரணியில் நெய்கிறவர்களைப் பற்றி ஊரெல்லாம் பேசுவார்கள். பட்டை வேகவைக்கிறவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கச்சாப் பட்டு பிசினோடு விறைப்பாக வரும். அதைக் காரநீரில் கொதிக்கவைத்துப் பிசினை எடுத்தால்தான் சாயம் பிடிக்கும். குறைவாக வெந்தால் சாயம் திட்டுத்திட்டாக நிற்கும். அதிகமாக வெந்தாலோ பட்டின் உயிர் போய்விடும். அது ஈரத்தில் தெரியாது, சாயம் ஏற்றும்போதும் தெரியாது. தறியில் இழுத்துக் கட்டும்போதுதான் தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது நேரம். சாயக்கூடத்தில் கடிகாரம் கிடையாது. தாலுகா கச்சேரியில் ஒன்று இருந்தது. அது துரைமார் சாப்பிடப் போவதற்காக அடித்தது.

பூங்காவனத்துக்கு விறகுதான் கடிகாரம். கொதி வந்ததும் பட்டை இறக்குவாள். அதன் பிறகு தணல்மேல் ஒவ்வொரு கட்டையாக வைப்பாள். கட்டை நடுவில் எரிந்து ஒடிந்ததும் மடியில் இருக்கும் புளியங்கொட்டை ஒன்றை எடுத்து இந்தப் பக்கம் போட்டுவிட்டு அடுத்த கட்டையை வைப்பாள். பன்னிரண்டாவது கட்டை ஒடிந்தால் பட்டு வெளியே வரும். பதினோரு வருஷத்தில் அவள் கையால் ஒரு சிட்டம் பட்டுநூல்கூடக் கெட்டதில்லை. ஒடிந்த கட்டைகளின் வெளிமுனைகள் அடுப்புக்காரிக்கு என்பது வழக்கம். அவற்றில்தான் வீட்டில் சோறு வெந்தது.

அந்த ஐப்பசி முழுக்க மழை மூட்டம். சூரியன் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பட்டு இறங்கி ஐந்தாறு கட்டை ஒடிவதற்குள்ளேயே பூங்காவனத்துக்குப் பசி எடுத்தது. முன்பெல்லாம் பத்தாவது கட்டைக்குத்தான் பசிக்கும். வயிறு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த கட்டையை வைத்தாள். விறகின்மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்ததையும் பார்த்தாள். மழைக்காலம், பூஞ்சணம் பிடித்திருக்கும்.

அது பூஞ்சணம் இல்லை என்பது தணிகாசலம் ஒருவருக்குத்தான் தெரியும். ரயில் பாதை வந்து எஞ்சினுக்கே விறகு போனதிலிருந்து சந்தவாசல் பக்கமிருந்து வரும் விறகு வண்டிகள் குறைந்துவிட்டன. மலையில் வெட்டுவதற்குக் காட்டு இலாகாவிடம் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. வண்டிக்காரர்கள் வைத்ததுதான் சட்டம். இப்படி அவர் பேஜாராகிக் கிடந்த சமயத்தில் வேலூர்ப் பக்கத்து ஆள் ஒருவன் ஒரு மூட்டைப் பொடியோடு வந்தான். விறகு மருந்து என்றான். தண்ணீரில் கரைத்து விறகின்மேல் தெளித்துக் காயவைத்தால் ஒரு கட்டு விறகு இரண்டு கட்டாக எரியும் என்றான். மேஸ்திரி தனியாக எரித்துப் பார்த்தார். இரண்டு கட்டு என்பது சும்மா. ஆனால் ஒன்றரைக் கட்டு நிச்சயம் வந்தது. கொதியும் நிற்கவில்லை. அவருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லியிருந்தால் கதை வேறு. எதிர்க்கரைச் சாயக்கூடத்துக்குச் சேதி போய்விடுமே என்று, விடியற்காலையில் ஆட்கள் வருமுன் தானே வாளியும் கையுமாக விறகுக்கு அபிஷேகம் செய்தார். பூங்காவனத்திடமும் மூச்சுவிடவில்லை. அவள் கட்டையை எண்ணுகிறாள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் எதை எண்ணுகிறாள் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

கார்த்திகை பிறந்து மழை விட்ட முதல் நாள், இருதயசாமி சிட்டத்தோடு வந்து நின்றார். சாந்தமான நெசவாளி. மாதா கோயில் சபையார் கூடி, டிசம்பர் எட்டாம் தேதித் திருநாளுக்கு மாதா சுரூபத்துக்குச் சாத்தும் சேலையை அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

"மேஸ்திரி, இதப் பாருங்க. பாவு இழுத்தா அறுந்துகினே போவுது. எங்க பார்த்தாலும் மயிர் விட்டுகினு கீது. எட்டு நாளா முடிச்சு போட்டு போட்டு வெரலே போச்சு."

தணிகாசலம் இழையை வாங்கி லேசாக இழுத்தார். அது சத்தமே இல்லாமல் பிரிந்தது. அலசுகிற பெண்கள், சாயம் முக்குகிறவர்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மேஸ்திரியின் கண் ஒரு கணம் விறகு அடுக்கின்மேல் போய்த் திரும்பியது.

"பூங்காவனம், எத்தினி கட்டை வெச்ச?"

"எப்பவும் போல பன்னெண்டு, மேஸ்திரி."

"பதினெட்டு வெச்சிருப்ப. கை மறதி. வயசாவுதில்ல?"

அவள் மடியை அவிழ்த்துக் காட்டினாள். பன்னிரண்டு புளியங்கொட்டைகள். யாரோ சிரித்தார்கள். புளியங்கொட்டை சாட்சி சொல்லி ஜெயித்த வழக்கு ஆரணியில் இல்லை.

"கொஞ்ச நாளு ஆத்துல அலசற வேலையப் பாரு," என்றார் மேஸ்திரி, அவள் முகத்தைப் பார்க்காமல். அவர் கெட்டவர் இல்லை. ஒரு நல்ல மனிதர் கூச்சத்தில் எவ்வளவு தூரம் போவாரோ அவ்வளவு தூரம் போயிருந்தார்.

பூங்காவனம் ஆற்றில் இறங்கினாள். முழங்கால் தண்ணீரில் நின்று சிட்டம் சிட்டமாக அலசினாள். அடுப்பு போனதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. மேஸ்திரி சொன்னதை அவளே நம்பிவிட்டாள், அதுதான் வலித்தது. எண்ணத் தெரிந்தவள் என்பதைத் தவிர அவளிடம் வேறு என்ன இருந்தது? அலசும்போது சிட்டங்களை எண்ணிப் பார்ப்பாள். எண்ணி முடித்ததும் சந்தேகம் வரும். மறுபடியும் முதலிலிருந்து எண்ணுவாள்.

அலசுகிறவளுக்குக் கொள்ளிக்கட்டை இல்லை. வீட்டில் இருந்தது தீர்ந்ததும், காசியம்மாள் பரண்மேல் ஏறி, ஆடி மாதம் கட்டிப் போட்டிருந்த பழைய கட்டைகளை இறக்கினாள். அன்று பூங்காவனம் உலையை ஏற்றி, இரண்டு கட்டை செருகி, தண்ணீருக்குப் போய் வந்தாள். அடுப்பு அணைந்திருந்தது. காசியம்மாள் தட்டில் போட்டுக்கொண்டு ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தாள்.

"இன்னாடி அதிசயமா கீது. சோறு பூவாட்டம் உதிருதே!"

பூங்காவனம் கையில் குடத்தோடு அப்படியே நின்றாள். சோற்றைப் பார்த்தாள். அணைந்த அடுப்பைப் பார்த்தாள். பிறகு குடத்தை இறக்கிவைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்து அழுதாள். தன் காலும் கையும் வயிறும் சரியாகத்தான் இருந்திருக்கின்றன என்ற சந்தோஷத்தில் வந்த அழுகை அது. காசியம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. நல்ல சோற்றுக்கு யாராவது அழுவார்களா என்று திட்டிவிட்டுச் சாப்பிட்டாள்.

சாம்பலுக்குள் தேடியபோது ஐப்பசிக் கட்டை ஒன்று, பாதி எரிந்தபடி கிடைத்தது. வெள்ளைப் பூச்சு அதன் பட்டையில் இன்னும் ஒட்டியிருந்தது.

மறுநாள் உச்சிப்பொழுதில் அவள் சாயக்கூடத்துக்குள் வந்தபோது, புதுச் சிட்டத்துக்காக இருதயசாமியும் வந்து காத்திருந்தார். திருநாளுக்கு இருபது நாள்கூட இல்லை. அவள் இடம் சும்மா கிடந்தது. அடுப்பில் வேறொருத்தி இன்னும் அமர்த்தப்படவில்லை, மேஸ்திரியே பார்த்துக்கொண்டிருந்தார். பூங்காவனம் இரண்டு கட்டைகளையும் தரையில் வைத்தாள். ஒரே நீளத்துக்கு வெட்டி வந்திருந்தாள்.

"இது ஆடியில நீங்க குடுத்தது. இது ஐப்பசியில குடுத்தது. ரெண்டும் ஒரே மலை, ஒரே மரம்."

"அதுக்கு இன்னா இப்போ?" என்றார் தணிகாசலம்.

அவள் அடுப்பருகே போனாள். தணலைக் கிளறி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊதினாள். எப்போதும் உட்காரும் செங்கல்மேல் உட்கார்ந்து மடியை விரித்தாள். இருதயசாமி, என்னவென்று தெரியாமலே, பக்கத்தில் குந்தினார். ஆற்றிலிருந்து இரண்டு பெண்கள் ஈரப்புடவையோடு ஏறி வந்து நின்றார்கள்.

ஆடிக் கட்டை சடசடவென்று பிடித்தது. ஐப்பசிக் கட்டை முனகிக்கொண்டே பிடித்தது. கொஞ்ச நேரத்தில் ஆடிக் கட்டை நடுவில் சிவந்து, இளைத்து, ஒடிந்து விழுந்தது. பூங்காவனம் ஒரு புளியங்கொட்டையை எடுத்து இந்தப் பக்கம் போட்டாள். மற்ற கட்டை முழுசாக இருந்தது.

இருதயசாமி அதைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த அறுந்த இழையைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து மேஸ்திரியைப் பார்த்தார்.

"செரி, போதும் எழுந்திரு," என்றார் தணிகாசலம். "ஜல்தி சொல்லு, உனுக்கு இன்னா வேணும்? அடுப்புதான? நாளையிலேர்ந்து வா."

"அது ஒடியட்டும் மேஸ்திரி."

"அதான் வான்னு சொல்லிட்டேனே."

"ஒடியட்டும்."

பல நாளைக்குப் பிறகு வெயில் வந்திருந்தது. தூணின் நிழல் அவள் உட்கார்ந்திருந்த செங்கல்லின் ஓரத்தைத் தொட்டு, மெதுவாக ஏறி, அவள் மடியில் இருந்த கொட்டைகளின்மேல் விழுந்தது. யாரும் வேலைக்குத் திரும்பவில்லை. மேஸ்திரி நின்றுகொண்டே இருந்தார். அடுப்பில் அந்தக் கட்டை, மேலே வெள்ளைப் பொருக்கோடு, அவசரமே இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது.