‘விடு’ என்றால் திரும்பாதே

காலை ஏழு ஐம்பதுக்கு அக்காவின் போனில் வந்த செய்தி ஒரே வரிதான். ‘இன்னைக்கு என் பொண்ணக் கூட்டிட்டுப் போறேன்.’

அனுப்பியவர் அக்காவின் கணவர். கணவராக இருந்தவர். என் அத்தான். போன வருடம் ரெண்டு மணி நேரம் வெளியே போய் வருகிறோம் என்று மகளைக் கூட்டிப்போனவர், பதினோரு நாள் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தார். அதுவும் கோர்ட் மிரட்டிய பிறகு. குழந்தை அம்மாவிடம்தான் இருக்க வேண்டும் என்று உத்தரவே இருக்கிறது. ஆனால் இந்த முறை மகள் பெயரில் புது பாஸ்போர்ட் எடுத்துவிட்டார், ராத்திரி விமானத்துக்கு ரெண்டு டிக்கெட் போட்டுவிட்டார் என்று அவருடைய சொந்தத் தங்கையே அக்காவிடம் அழுதுகொண்டு சொன்னாள். விமானம் ஏறிவிட்டால் பதினோரு நாள் இல்லை, பதினோரு வருடம் ஆனாலும் ஆகும்.

போலீஸில் எழுதிக் கொடுத்தோம். “ஆள் வந்தா உடனே கூப்பிடுங்க” என்று ஒரு நம்பர் தந்தார்கள். ஆள் வந்தபிறகு என் விரல் வேலை செய்யுமா என்று யாரும் கேட்கவில்லை.

அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை.

“வீட்டுல பூட்டி வைக்காதடா. கிரவுண்டுக்கே கூட்டிட்டுப் போ. பத்துப் பேர் நடுவுல இருந்தா கிட்ட வர மாட்டான்.”

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

பகலில் நான் ஃப்ரிட்ஜ் ரிப்பேர்காரன். சாயங்காலம் பத்து வயதுப் பெண் பிள்ளைகள் ஒன்பது பேருக்குக் கால்பந்து சொல்லிக் கொடுப்பவன். அதில் ஒருத்தி அக்கா மகள். உருவத்தில் சிறியவள், ஓரிடத்தில் நிற்க மாட்டாள் என்பதால் கொசு. எல்லாரையும் வேலை வாங்குகிறவள் மேஸ்திரி. கோல் காக்கிறவள் மூக்குக் கண்ணாடிக்கு ரப்பர் பட்டை போட்டிருப்பாள், அதனால் கண்ணாடி.

எங்கள் டீமின் வியாதி பந்தைக் கண்டால் விட மாட்டார்கள் என்பது. பாஸ் என்றால் சொத்தில் பாதி எழுதி வைப்பது போல நினைப்பார்கள். அதற்காக நான் கண்டுபிடித்த வைத்தியம்தான் ‘விடு.’

மூன்று பேர் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். முதல் ஆள் பந்தை உதைப்பாள். நடு ஆள் அதை வாங்கப் போவது போல நடிப்பாள். அவளுக்குப் பின்னால் நிற்பவள் “விடு” என்று கத்துவாள். உடனே நடு ஆள் காலை அகட்டிப் பந்தை ஓடவிட வேண்டும். அவ்வளவுதான். எதிராளி ஏமாந்து நிற்பான்.

“பின்னாடி திரும்பிப் பாத்தீங்கன்னா எதிராளிக்குத் தெரிஞ்சு போயிடும். ‘விடு’ன்னு காதுல விழுந்தா திரும்பக் கூடாது. யோசிக்கக் கூடாது. கூப்பிட்டவ மேல நம்பிக்கை வச்சு விட்டுடணும். புரியுதா?”

“புரியுது சார்.”

மூன்று வாரம் இதே பாடம். அன்றைக்குத்தான் கை கூடி வந்தது. அன்றைக்குப் பார்த்து எனக்கு அதில் கண் இல்லை.

மணி நாலே முக்கால். நான் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி, மெயின் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வெள்ளை வேன் வேகத்தைக் குறைத்தது. வேன் போய்விட்டது. ஒரு பைக் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியவர் எவரோ. உள்ளங்கையில் விசில் வழுக்கியது.

அக்கா போன் செய்தாள். பத்து நிமிடத்தில் இது நாலாவது முறை.

“கண்ணுலயே இருக்காளா?”

“இருக்கா.”

அந்த நேரத்தில் கொசு என் கண்ணில் இல்லை. கேட்தான் இருந்தது.

பிறகுதான் தெரிந்தது. கொசு உதைத்த பந்து, சாமான் வைக்கும் அறைக்குப் பின்னால் போயிருக்கிறது. உதைத்தவள்தான் எடுத்து வர வேண்டும் என்று மேஸ்திரி சட்டம் பேசி அனுப்பியிருக்கிறாள். மற்றவர்கள் இரண்டாவது பந்தை வைத்துத் தொடர்ந்திருக்கிறார்கள்.

எனக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

“விடு.”

கொசுவின் குரல். எப்போதும் தொண்டைக்குள்ளேயே பேசுகிறவள். மூன்று வாரமாக அவளைக் கத்தவைக்க நான் படாதபாடு பட்டிருக்கிறேன்.

“சத்தம் பத்தல கொசு,” என்றேன், கேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“விடு.”

“இன்னும் கொஞ்சம். வயித்துல இருந்து வரணும்.”

“விடூ.”

“அப்படித்தான். சூப்பர்.”

பெருமையாகக்கூட இருந்தது. அதை இன்றைக்கும் மறைக்க முடியவில்லை.

கேட்டில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதற்குள் ஒருவர் குனிந்து பணம் கொடுத்துக்கொண்டிருந்தார். முகம் தெரியவில்லை. எட்டிப் பார்த்தேன்.

“சார்.”

கண்ணாடியின் குரல்.

“இரும்மா.”

“இல்ல சார். பந்து என் கையிலதான இருக்கு. கொசு எதை விடச் சொல்றா?”

திரும்பினேன்.

கண்ணாடி கோல் கம்பத்தடியில் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எதிரே மேஸ்திரி, வராத பந்துக்காகக் காலை அகட்டி, நான் சொன்னபடியே பின்னால் திரும்பாமல் நின்றாள். அவளுக்கு அந்தப் பக்கம் இருந்த இரண்டு பேரும் அப்படியே. எட்டுப் பேர். எண்ணினேன். மறுபடி எண்ணினேன். எட்டுதான்.

ஓடினேன். குரல் சாமான் அறைப் பக்கமிருந்துதான் வந்திருந்தது.

சாமான் அறைக்குப் பின்னால் மழைத்தண்ணீர் போவதற்காகக் கம்பி வேலியை ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வெட்டியிருப்பார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து. அங்கே ஒரு சாம்பல் நிறக் கார், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வேலிக் கம்பியில் கொசுவின் மஞ்சள் பனியன் பாதி கிழிந்து தொங்கியது. எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நின்றாளோ.

அவள் காரின் பின் சீட்டில் இருந்தாள். கதவைத் திறக்கப் பார்த்தேன். பூட்டு.

மூடிய கார் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் வாய் அசைந்தது. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

காருக்கு முன்னால் போய் நின்றேன். வீரம் இல்லை. வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

அத்தான் கார் ஜன்னலை இரண்டு விரல் அளவுக்கு இறக்கினார். முகம் வேர்த்திருந்தது.

“தள்ளு மச்சான்.”

“அத்தான், கோர்ட் ஆர்டர் இருக்கு.”

“என் புள்ளய நான் கூட்டிட்டுப் போறேன். நீ போய் ஃப்ரிட்ஜுக்கு கேஸ் அடி.”

கார் ஓர் அடி நகர்ந்தது. பம்பர் முழங்காலில் முட்டியது. இன்னும் ஓர் அங்குலம். கையை பானெட் மேல் வைத்தேன். கொதித்தது. போனை எடுத்துப் போலீஸ் நம்பரை அழுத்தினேன். இரண்டு முறை தவறான எண். மூன்றாவதில் சரியாக விழுந்தது. சந்தின் பெயரை உளறிக் கொட்டினேன்.

அப்போதுதான் வேலி ஓட்டை வழியாக ஒவ்வொருத்தியாக வந்தார்கள்.

“போங்க. எல்லாரும் உள்ள போங்க,” என்றேன். குரல் வெளியே வந்ததா என்றே தெரியவில்லை. ஒருத்தியும் போகவில்லை.

மேஸ்திரி காரை ஒரு சுற்றுப் பார்த்தாள். “நாலு பேர் பின்னாடி. நீயும் நீயும் சார் கூட,” என்றாள். பின் சக்கரத்தை ஒட்டித் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். இன்னும் மூன்று பேர் அவள் பக்கத்தில். இரண்டு பேர் என் கால் பக்கத்தில்.

ஒரு குழந்தையைக் காப்பாற்ற வந்தவன், ஊரார் பெற்ற ஆறு குழந்தைகளைச் சக்கரத்துக்கு அடியில் உட்கார வைத்திருக்கிறேன். அத்தானுக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள் தெரியாது. முன்னால் நான் நிற்பதால் அவர் அடுத்து என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும்.

ரிவர்ஸ் கியர் விழுந்தது. பின்பக்க வெள்ளை விளக்கின் வெளிச்சம் சுவரில் விழுந்தது.

கத்த வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

கண்ணாடி டிரைவர் பக்கம் போய், ஜன்னலின் இரண்டு விரல் இடைவெளியில் முகத்தை வைத்தாள். பந்து இன்னமும் அவள் கையில்தான்.

“அங்கிள், பின்னாடி நாலு பேர் உக்காந்திருக்காங்க. உங்களுக்குத் தெரியாதுல்ல, அதான் சொன்னேன்.”

காரின் எஞ்சின் உறுமியது. ஒன்று. இரண்டு. மூன்று. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வெள்ளை வெளிச்சம் அணைந்தது. எஞ்சின் நின்றது. பூட்டு ‘டக்’கென்று திறந்தது.

“இறங்கு,” என்றார் அத்தான், பின்னால் திரும்பாமலே. “போ உங்கம்மாகிட்ட.”

கொசு இறங்கினாள். என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். போலீஸ் வரும் வரை அவர் ஸ்டியரிங் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். ஓடக்கூட இல்லை.

ஸ்டேஷனில் நீளமான ஒரு மர பெஞ்ச். அக்கா வேலை உடுப்போடு ஓடி வந்து, மகளின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தது. எழுத்தர் பேனாவை எடுத்தார்.

“கொழந்த சத்தம் போட்டுச்சா?”

“போட்டேன் அங்கிள்,” என்றாள் கொசு. “மாமா சத்தம் பத்தலன்னாங்க. அதான் இன்னும் சத்தமா போட்டேன்.”

அக்கா மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

“உனக்குக் கேட்டுச்சா?”

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

“கேட்டுச்சுக்கா. பயிற்சின்னு நெனச்சேன். திரும்பல.”

“எத்தன தடவ?”

“மூணு.”

எழுத்தர் எழுதினார். அக்கா மகளின் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“மூணு இல்ல மாமா, அஞ்சு,” என்றாள் கொசு. “மொதல் ரெண்டு தடவ மெதுவாத்தான் சொன்னேன். அப்பாதானேன்னு.”