பென்னரின் கழுத்து

திங்கட்கிழமைதோறும் காலை எட்டு மணிக்கு, ஆர்லீனோடு வேலை பார்க்கும் ஓர்வில் பென்னர் சட்டைக் காலரைத் திறந்துவிட்டுக் கட்டிலில் படுத்துக்கொள்வார். ஆர்லீன் அவர் கழுத்தில் பசை தடவி அல்ட்ராசவுண்ட் கருவியை வைப்பாள். திரையில் ரத்தக்குழாயின் இரு சுவர்களும் வெள்ளைக் கோடுகளாக விரிந்து சுருங்கும். இரண்டு முறை அளப்பாள். இரண்டு எண்களும் ஒத்துப்போனால் கருவி சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் ஆய்வுக்கு வருபவர்களைத் தொடுவார்கள். வின்னிபெக்கின் அந்த ஆய்வுக்கூடத்தில் ஏழு வருடமாக இதுதான் வழக்கம்.

அந்தத் திங்கட்கிழமை அளவுகளை எழுதிவைத்த பழைய தாள்களையெல்லாம் கணினியில் ஏற்றச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வெள்ளிக்கிழமை முழுக்க ஆர்லீன் தட்டச்சு செய்தாள். தாளில் இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதும் கடைசிக் கட்டத்தை மட்டுமே பார்த்துப் பழகிய கண்கள் அன்றுதான் எண்களைப் பார்த்தன. முதல் வருடம் ஆறு. நான்காம் வருடம் எட்டு. போன வாரம் பதினொன்று.

ரத்தக்குழாய் விறைக்க விறைக்கத் துடிப்பின் அலை அதில் வேகமாக ஓடும். அந்த வேகம்தான் அந்த எண். ஆய்வுக்கு வந்தவர் யாருக்காவது ஒன்பதைத் தாண்டினால், டாக்டரைப் பாருங்கள் என்று கடிதம் போய்விடும். பென்னர் ஆய்வுக்கு வந்தவர் இல்லை. கருவியைச் சோதிக்க ஒரு கழுத்து, அவ்வளவுதான்.

"என்ன தாயே, மூஞ்சி பனியில விட்ட உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு?" என்றார் திங்கட்கிழமை, படுத்தபடியே.

"எழுந்து உட்காருங்க பென்னர். ஒண்ணு சொல்லணும்."

சொன்னாள். அவர் சிரித்தார். "மெஷினுக்குத்தான் வயசாச்சு. எனக்கென்ன?"

"அப்ப என்னை அளந்து பாருங்க."

அவள் படுத்தாள். ஐந்து. மறுபடியும் ஐந்து.

பென்னர் கருவியைத் தன் கழுத்திலேயே வைத்துத் திரையைப் பார்த்தார். அந்த இரண்டு கோடுகளும் உறைந்த ஆற்றின் கரைகளைப் போலக் கிடந்தன. உற்றுப் பார்த்தால் மட்டும் ஓர் அசைவு.

"எங்கப்பா காருல பனி வழிக்கும்போது விழுந்தவர்தான், எழுந்திரிக்கல" என்றார். "வாராவாரம் உன் கை என் கழுத்துல இருந்துச்சே, ஆர்லீன்."

"ரெண்டும் ஒத்துப்போகுதான்னு மட்டும்தான் பார்த்தேன்."

"நானும்தான். ஒவ்வொரு தாள்லயும் கீழ கையெழுத்து போட்டதே நான்தானே."

அவர் நடைவழிக்குப் போய்த் தன் டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்தார். கதவு திறந்தே இருந்தது. பேர், பிறந்த தேதி, இல்லை, நெஞ்சுவலி இல்லை, மயக்கம் இல்லை. பிறகு நீண்ட நேரம் அவர் போனைக் காதில் வைத்தபடி காத்திருந்தார். ஆய்வுக்காக ஒன்பது மணிக்கு வரச்சொல்லியிருந்த அம்மாள் அதற்குள் வந்து, எதிர் நாற்காலியில் பூட்ஸிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

பென்னர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"அஞ்சு வாரம் கழிச்சுத்தான் டேட் இருக்காம்."

"வலி இருக்குன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"இல்லாததை எப்படிச் சொல்றது?" காலர் பொத்தானைப் போட முயன்று விட்டுவிட்டார். "ஆயிரம் கழுத்தைப் பார்த்திருக்க. உள்ளதைச் சொல்லு. அஞ்சு வாரம் தாங்குமா?"

அவளுக்கு என்னென்னவோ சொல்ல வேண்டும்போல இருந்தது. ஆனால் அந்தக் கட்டிலில் படுத்து அவளிடம் எதையாவது கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகியதுதான் வாயில் வந்தது.

"அதை டாக்டர்தான் சொல்லணும்."

பென்னர் தலையாட்டினார், அவர்கள் எல்லோரும் ஆட்டுவதைப் போலவே.